பெரியப்பாவுக்குக் கேட்காத சத்தம்

எலி மூத்திரமும் நெல்லுமியும் கலந்த புளித்த மணம்தான் எனக்கு மாசி மாதம். முரசுமோட்டையில் காலபோக அறுவடை முடிந்ததும் எங்கள் வீட்டு நடு அறையில் நெல்மூட்டைகளைக் கூரைக்கு அரைவாசி உயரம் அடுக்கிவிடுவார்கள். நாங்கள் விறாந்தையில் படுப்போம், எலிகள் அறைக்குள் குடியிருக்கும்.

எனக்குப் பத்து வயதான ஆண்டில், நெல் குற்றக் கொண்டுபோவதற்காக அப்பாவின் தமையன் ஒரு மூட்டையைப் புரட்டினார். கடித்துக் குதறிய சாக்குநாருக்குள் ஐந்து குஞ்சுகள், கண் திறக்காமல், இளஞ்சிவப்பாகக் கிடந்தன. பெரியப்பாவுக்குத் தெரியாதது எதுவுமில்லை என்பது பெரியப்பாவின் அபிப்பிராயம். குஞ்சுகள் வாயைத் திறந்து திறந்து மூடின, சத்தம் வரவில்லை.

"ஊமைச் சனியனுகள். எடி பிள்ளை, உதுகளைக் கோழிக்குப் போடு."

தன் காதில் விழாதது சத்தமே இல்லை என்று நம்பும் மனிதர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அவருக்குத்தான் முதல் தேத்தண்ணீர்.

நான் கோழிக்குப் போடவில்லை; அதைவிடக் கேவலமானதைச் செய்தேன். நாறுகின்றனவே என்று ஈரத்துணியால் துடைத்து, தங்கையின் குழந்தைப் பவுடரைப் பூசினேன். குசினிக்குள் இருந்த அம்மா, "எலிக்கென்னடி, கலியாணமோ?" என்றா. நாலு குஞ்சோடு பவுடர் தீர்ந்துபோனதால் ஐந்தாவதைத் துடைக்கவுமில்லை. எல்லாவற்றையும் மூட்டையடியில் வைத்துவிட்டு, கதவிடுக்கால் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாய் எலி வந்தது. பவுடர்க் குஞ்சுகளை மூக்கை வைத்து மணந்து பின்வாங்கி, ஐந்தாவதை மட்டும் கவ்விக்கொண்டு போனது. பிறகு இருமுறை வந்து சுற்றிச் சுற்றி மணந்துவிட்டு வெறும் வாயோடு திரும்பியது. மறுநாள் நாலும் விறைத்துக் கிடந்தன.

"எலிக்கு ஏது பாசம்?" என்றார் பெரியப்பா.

குஞ்சுகள் மனிதக் காதுக்கு எட்டாத உச்சத்தில் கத்தும் என்பதையும், தாய் அந்தச் சத்தத்துக்கே ஓடிவரும் என்பதையும், தாயும் குஞ்சும் ஒன்றையொன்று மணத்தால் அறியும் என்பதையும் பிறகு உயிரியலில் படித்தேன். ஆக, அந்த நாலும் கூப்பிட்டுக்கொண்டேதான் செத்திருக்கின்றன. தாய்க்கும் கேட்டிருக்கிறது. நடுவில் சுத்தத்தோடு நின்றவள் நான்.

சோதனையில் அந்தக் கேள்விக்கு முழுப்புள்ளி கிடைத்தது. படிப்பின் பயன் அவ்வளவுதான். போன மாதம் என் மகள் பூட்டிய அறைக்குள் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாள். சோதனைக்குப் படிக்கிறாள் என்று நினைத்து, சாப்பாட்டை வாசலில் வைத்துவிட்டு, பக்கத்து அறையிலிருந்து போனில் "சாப்பிட்டியா?" என்று அனுப்பினேன். ஒரு பெருவிரல் படம் வந்தது. அதோடு திருப்திப்பட்ட தாய் நான். நாலாம் நாள் மயங்கி விழுந்தாள். டெங்கு.

"மூண்டு நாளா நீங்கள் எங்கையம்மா இருந்தனீங்கள்?" என்று டொக்டர் கேட்டார். வீட்டில்தான் இருந்தேன், பக்கத்து அறையில்.

இப்போது மெசின் வெட்டிய நெல் வயலிலிருந்தே ஈரத்தோடு ஆலைக்குப் போகிறது. மூட்டை அடுக்கிய அறையைப் பிரித்து ஓடு பதித்து, ஆளுக்கொரு அறையும் ஆளுக்கொரு பூட்டுமாக இருக்கிறோம். வீட்டில் எலியும் இல்லை, ஒரு மணமும் இல்லை. இதற்கு வசதி என்று பெயர்.

மகள் பிழைத்து வந்துவிட்டாள். நாளுக்குப் பத்துத் தரம் கதவைத் தட்டாமல் திறந்து, அவள் உச்சந்தலையில் மூக்கை வைக்கிறேன்.

"என்னம்மா, என்னை மணந்தே பாக்கிறியள்?" என்று எரிந்து விழுகிறாள்.

"ஓம். அசையாமல் இரு."