லேசர் போட்ட கன்னத்தில் என் கை

மரக்காணத்தில் எங்களுக்குச் சொந்தமாக உப்பளம். இருபது வருஷமாக என் மனைவி என்னோடு வெயிலில் நின்று உப்பு வாரினாள். அவள் முகம் கருத்துச் சுருங்கிவிட்டது.

போன கோடையில் என்னிடம் சொல்லாமல் பாண்டிச்சேரிக்குப் போய், முகத்துக்கு லேசர் சிகிச்சை செய்துகொண்டாள். சிவந்து வீங்கிய முகத்தோடு நேராக உப்பளத்துக்கு வந்து நின்றாள். எனக்கு வெறி தலைக்கேறியது.

"எவனுக்குக் காட்டுறதுக்குடி இதெல்லாம்?" என்று ஓங்கி அறைந்தேன். என் மோதிரம் பட்டு, புண்ணாயிருந்த தோல் கிழிந்தது. கையில் ஒட்டியிருந்த உப்பு காயத்தில் ஏற, அவள் அலறிக்கொண்டு வரப்பில் விழுந்தாள். ரத்தம் கழுத்தில் வழிந்தது. அப்படியும் ஆத்திரம் அடங்காமல் மறுபடி கையை ஓங்கினேன்.

"கல்யாண வீட்ல என்னைக் காட்டி 'உங்க அக்காவா?'ன்னு உங்ககிட்ட கேட்டாங்க. நீங்க சிரிச்சீங்க. அதுக்குத்தாங்க போனேன்" என்றாள்.

ஓங்கிய கை கீழே இறங்கிவிட்டது. நான் சிரித்தது உண்மைதான்.

தழும்பு இன்னும் இருக்கிறது. யார் கேட்டாலும், "லேசர் ஒத்துக்கலைங்க" என்கிறாள். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டியிருக்கிறேன். அது என் கை செய்தது என்பதை இன்றுதான் முதல்முறையாகச் சொல்கிறேன்.