அவள் குரல், என் முகம்

ரீட்டாவின் குரலுக்கு என் முகத்தை ஒட்டினேன். ஏன் ஒட்டினாய் என்று கேட்டபோது கோட்பாடு பேசித் தப்பித்தேன். பொய்! கேட்டவர்கள் கைதட்டிய பொய்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டுக்கு வீடு கேபிள் வந்து நாள் முழுக்கப் பாட்டு ஓடிய காலம். கல்லூரி இறுதியாண்டில் எங்களுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரு பாட்டுக்கு வீடியோ எடுக்க வேண்டும். வகுப்பில் படித்த ஊடகக் கோட்பாட்டை வைத்து அதை நாங்களே அலசிப் பேச வேண்டும்.

பாடுவதற்கு ரீட்டாவைக் கூப்பிட்டேன். என் பள்ளித் தோழி. ஆவடி குவார்ட்டர்ஸில் வீடு, அம்பத்தூரில் துணிக் கம்பெனியில் வேலை, ஞாயிறானால் சர்ச் பாடகர் குழு. "டிவில எம் மூஞ்சி வருமாடி?" என்று நாலு தடவை கேட்டாள். வரும் என்றேன். குவார்ட்டர்ஸ் முழுக்கச் சொல்லிவிட்டாள்.

இரண்டு நாள் லீவு போட்டுக் கொரட்டூர் ஏரிக்கரையில் வெயிலில் நின்றாள். படம்பிடித்தவர் பாடிப் பகுதியில் கடை வைத்திருந்த கல்யாண வீடியோக்காரர்; எடுத்ததை அவர் கடையில் நானும் அவரும் போட்டுப் பார்த்தோம். ரீட்டா நல்ல கறுப்பு. பின்னால் தண்ணீர் பளபளக்க, அவள் முகம் வெறும் நிழலாகத் தெரிந்தது.

"வெளிச்சம் பத்தலமா," என்றார் அவர். "நா எடுக்கற கல்யாணப் பொண்ணுங்க எல்லாம் செவப்பாவா கீது? ஒரு லைட்டு சேத்துப் போட்டா சோக்கா வரும். நாளைக்கே எடுத்துக்கலாம்."

கேட்டீர்களா? ஒரே ஒரு விளக்கு!

நான் என்ன சொன்னேன் தெரியுமா... "வேணாண்ணா, நானே நின்னுடறேன்."

ஏன் சொன்னேன்? மதிப்பெண்ணுக்காகவா? அதுவும்தான். ஆனால் அந்தக் கடைக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டேன். பார்க்க நன்றாக இருந்தேன். இதைவிடக் கௌரவமான காரணம் ஒன்றைத் தேடிப் பார்த்துவிட்டேன்... கிடைக்கவில்லை.

ரீட்டாவிடம் மூச்சு விடவில்லை. திரையிடும் நாளில் அவள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு கல்லூரிக்கு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. அவள் குரல், என் உதடு. நான் திரையைப் பார்க்கவே இல்லை; அவள் பின்னந்தலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை.

முடிந்ததும் பேராசிரியர் கேட்டார்: "பாடின பொண்ண ஏம்மா காட்டல? கடைசியில வாய் ஒரு பக்கம் போகுது, பாட்டு ஒரு பக்கம் போகுதே?"

வாய் விலகியது வெறும் பிசகு. இரண்டு வீடியோ டெக்கை வைத்து வெட்டி ஒட்டியபோது நேர்ந்தது. ஆனால் என் நாக்கு இருக்கிறதே! "வேணும்னேதான் சார்" என்று ஆரம்பித்தது. திரையில் குரல் ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது... பார்ப்பவனின் ஆசைக்கு ஏற்ற முகம் பொருத்தப்படுகிறது, உழைத்தவள் மறைக்கப்படுகிறாள்... அந்த மோசடியை அம்பலப்படுத்தவே பாடியவளை நீக்கினோம், உதட்டை விலகவிட்டோம்!

நினைத்துப் பாருங்கள்... நான் செய்த அயோக்கியத்தனத்தை நானே வரிவரியாக விளக்கிப் பாராட்டும் வாங்கினேன். அறை முழுக்கக் கைதட்டல். ரீட்டாவும் தட்டினாள்.

மாலை ரயிலில் மூவரும் ஒன்றாகத் திரும்பினோம்.

"பயந்தே பூட்டேன்டி," என்றாள். "நா நல்லா இல்லன்னு தூக்கிட்டியோன்னு நெனச்சேன். நீ சொல்லச் சொல்லத்தான் புரிஞ்சுது." அப்பாவிடம் திரும்பி, "அது தியரிப்பா," என்றாள்.

அவர் முகம் தெளிந்தது. "அதானே! ஊட்ல போயி இன்னா சொல்றதுன்னு யோசிச்சிகினே வந்தேன். சரிம்மா, மொதல்ல எங்க பொண்ண எடுத்தியே, அந்தக் கேசட்ட ஞாயித்துக்கெழம எத்துனு வா. டெக்கு வாடகைக்கு எடுத்து வெக்கிறேன். அக்கம்பக்கம் எல்லாம் கேட்டுகினே கீறாங்க."

கேசட் என் பையில்தான் இருந்தது. அதில் ரீட்டா இல்லை. அவளை எடுத்த அதே நாடாவின் மேல்தான் என்னை எடுக்கச் சொல்லியிருந்தேன். "கொண்டாரேன் அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் கொரட்டூரில் இறங்கிக்கொண்டேன்.

ஞாயிறு நான் போகவில்லை. அவர்கள் டெக்கை வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டாரை உட்காரவைத்து, பொழுது சாயும்வரை என் வழி பார்த்திருக்கிறார்கள். மறுவாரம் அவளைச் சந்தித்தபோது நாடா சிக்கி அறுந்துவிட்டது என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இதுக்கு ஏன்டி அழுவுற?" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். "மூஞ்சி பூட்டா பூட்டும். பாட்டு கீதுல்ல."

அவள் எனக்கு ஆறுதல் சொன்னாள்! கேவலம்... கேட்டுக்கொண்டு நின்றேன்.

சில வருடம் கழித்து அவளுடைய கம்பெனி வாசலில் பார்த்தேன். கூட வேலை செய்யும் பெண்களிடம் என்னை இழுத்துக்கொண்டு போனாள். "நா சொல்லுவேனே, அது இவதான். என்னிய வேணும்னே காட்டாம எடுத்தா. இவளுங்க நம்ப மாட்டேன்றாளுங்கடி, சிரிக்கிறாளுங்க. நீயே சொல்லு, அதுல இன்னா அர்த்தம் கீதுன்னு."

அந்தப் பெண்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு ரீட்டாவைப் பார்த்தார்கள். அவர்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது. அவளுக்குத்தான் புரியவில்லை, என்னை நம்பியதால் புரியவில்லை.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருப்பேன் என்றுதானே நினைக்கிறீர்கள்?

குரல் ஒருத்தியுடையது, உடல் இன்னொருத்தியுடையது என்று ஆரம்பித்தேன்... ஒரு வார்த்தை பிசகாமல் சொல்லி முடித்தேன். ரீட்டா அவர்களைப் பார்த்து, "பாத்தீங்களா?" என்றாள்.