வளைகாப்புக்குப் போன பிரேக்

புது பிரேக் என்றால் நன்றாகப் பிடிக்கும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ரேஸ் வண்டியில் அது நேர் எதிர். சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கையும் அதை இறுக்கிப் பிடிக்கும் பேடையும் புதிதாக மாட்டி அப்படியே அனுப்பினால், முதல் தடவை வேகத்தில் மிதிக்கும்போது பெடல் கல் மாதிரி நிற்கும், வண்டி மட்டும் போய்க்கொண்டே இருக்கும். அதனால் முதலில் இரண்டையும் ஒன்றுக்கொன்று பழக்க வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்திலிருந்து முப்பதுக்கு அழுத்தமாக இறக்க வேண்டும், ஆனால் வண்டி நின்றுவிடக் கூடாது. மறுபடி நூறு, மறுபடி முப்பது. இப்படிப் பத்துத் தடவை செய்தால் பேடின் மேல்பூச்சு சூட்டில் இளகி டிஸ்க் மேல் மெல்லிசாக, ஒரே சீராகப் படியும். பிறகு பிரேக்கைத் தொடாமலே ஓட்டி ஆறவைக்க வேண்டும். சூடாக இருக்கும்போது காலை எடுக்காமல் நின்றால் போச்சு, அந்த இடத்தில் மட்டும் திட்டாக ஒட்டிக்கொள்ளும். இதற்குப் பெட்டிங் என்று பெயர். அம்பத்தூர் எஸ்டேட்டில் நான் வேலை செய்யும் பட்டறையில் பல வருஷமாக இதை நான்தான் செய்கிறேன். வேறு யாரையும் தொடவிட்டதில்லை. அந்தத் திமிரையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ரேஸ் வண்டியை ரோட்டில் ஓட்ட முடியாது. ட்ராக்கில் பிராக்டிஸுக்குக் கிடைக்கிற கொஞ்ச நேரத்தில் ஓட்டுகிறவர் வளைவைப் பார்ப்பாரா, பிரேக்கைச் சூடேற்றுவாரா? அதற்கு நான் கண்டுபிடித்த வழி என் சொந்தக் கார். எங்கள் ரேஸ் வண்டியும் சாதாரணக் குடும்பக் கார்தான், உள்ளே இருந்ததையெல்லாம் பிடுங்கிவிட்டு இரும்புக் கூண்டு வைத்தது. என்னிடம் இருப்பதும் அதே மாடல். புது செட்டை என் காரில் மாட்டி, விடியற்காலையில் வெளிவட்டச் சாலையில் ஓட்டிப் பழக்கி, கழற்றி, இடது வலது என்று எழுதிப் பெட்டியில் வைத்துவிடுவேன். பெட்டி மேல் மார்க்கரால் 'ஆச்சு' என்று எழுதுவேன். அந்த வார்த்தை இருந்தால் யாரும் என்னை மறுகேள்வி கேட்பதில்லை.

அந்த முறை ஓட்டப்போவது ஒரு பெண். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, ஐடி கம்பெனி வேலை, அம்பத்தூரில் ஃபிளாட்டில் தங்கியிருந்தாள். நாலு வருஷம் கோ-கார்ட் என்கிற குட்டி ரேஸ் வண்டி ஓட்டி, விடாமல் எங்கள் முதலாளியிடம் வந்து கேட்டுக் கேட்டு ஒரே ஒரு ரேஸுக்கு வண்டியை ஓட்டச் சம்மதம் வாங்கியிருந்தாள். ஒழுங்காக முடித்துக் காட்டினால் அந்த சீசன் முழுக்க சீட் அவளுக்கு. இல்லையென்றால் வரிசையில் அடுத்து ஒரு பையன் காத்திருந்தான். ரேஸ் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் நான் பெட்டிங் முடித்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை என் மச்சினிக்குத் திருநின்றவூரில் வளைகாப்பு. நான் தூங்கிவிட்டேன். எழுந்தபோது கள்ளிக்குப்பம் வீட்டு வாசலில் என் மனைவி, மாமியார், பிள்ளைகள் எல்லோரும் சீர்த் தட்டுகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். டிஸ்க்கும் பேடும் முந்தின நாளே என் காரில் மாட்டியாகிவிட்டது. சரி, போகிற வழியில் நெமிலிச்சேரியில் வெளிவட்டச் சாலையில் ஏறி, ஒரு சுற்று ஓட்டி, வேலையை முடித்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். எவ்வளவு பெரிய மேதை பாருங்கள்.

நூறில் போய் ஒரு மிதி மிதித்தேன். பின் சீட்டிலிருந்து வளையல் பெட்டி முன்னால் வந்து விழுந்தது. இரண்டாவது மிதியில் மாமியாரின் மடியிலிருந்த தேங்காய்ச் சாதத் தூக்கு சாய்ந்தது.

"இன்னாயா ஓட்ற நீ? சோறெல்லாம் கொட்டிக்கினு கீது!" என்றாள் மனைவி.

"பிரேக் செக் பண்றேன்டி."

"ஊட்டு ஆளுங்கள வச்சிக்கினா செக் பண்ணுவ?"

மூன்றாவது முறை சின்னவன் வாந்தி எடுத்தான். நாலாவது முறை மாமியார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "மாப்ள, என்ன எறக்கி வுட்ருங்க, நான் ரயில்ல போய்க்கிறேன்" என்றார். அதோடு விட்டேன். வெளிவட்டச் சாலையை விட்டுக் கீழே இறங்கினால் ஒரு லாரி திரும்ப முடியாமல் ரோட்டை அடைத்துக்கொண்டிருந்தது. நானும் பின்னால், கொதிக்கிற டிஸ்க்கோடு, பிரேக்கில் காலை வைத்தபடி நின்றேன். வேறு எவனாவது இதைச் செய்திருந்தால் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டியிருப்பேன்.

மறுநாள் நாலு மணிக்கு எழுந்து சரிசெய்திருக்கலாம். டிஸ்க்கைத் தேய்த்துச் சுத்தம் பண்ணி, முதலிலிருந்து ஆரம்பித்திருக்க வேண்டும். முதலாளியிடம் சொன்னால் பழைய செட்டையே போட்டு ஓட்டச் சொல்லியிருப்பார், அவ்வளவுதான். ஆனால் வளைகாப்புக்குப் போய்ப் பெட்டிங்கைக் கோட்டை விட்டேன் என்று பட்டறையில் வாய் திறந்தால் ஒரு வருஷத்துக்குக் கிண்டலடித்தே ஓட்டுவார்கள். அன்று சாயங்காலம், ஐந்து வகைச் சாதம் தின்ற வயிற்றோடு, செட்டைக் கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மேலே 'ஆச்சு' என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லி தாண்டிய ட்ராக்கில், ரேஸுக்கு முன் நானே அந்த செட்டை மாட்டினேன். ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அண்ணே, நம்பி மிதிக்கலாம்லா?"

"கண்ண மூடிக்கினு மிதிம்மா" என்றேன்.

முதல் சுற்று, நேர் ரோட்டின் கடைசியில் வரும் வலது வளைவு. மற்ற வண்டிகளின் பிரேக் விளக்குகள் எரிந்தன. அவளுடையதும் எரிந்தது, அதை நான் என் கண்ணால் பார்த்தேன். சரியான இடத்தில்தான் மிதித்தாள். வண்டி நிற்கவில்லை. நேராகப் போய், ட்ராக் ஓரத்தில் பழைய டயர்களை அடுக்கிய டயர்ச் சுவரில் மோதி நின்றது.

நல்லவேளை, தோளில் ரத்தக்கட்டோடு அவளே நடந்து வந்தாள். பெடல் கெட்டியாகத்தான் இருந்தது, ஆனால் பிடிக்கவே இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. முதலாளிக்குப் புரியவில்லை. "புதுசா ஓட்ற எல்லாரும் இப்டித்தாம்மா சொல்லுவாங்க. நம்மாளு கை வச்ச பிரேக்கு அது" என்று என்னைக் காட்டினார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

வண்டி பட்டறைக்கு வந்ததும் முன் சக்கரங்களை நான் மட்டும் கழற்றினேன். டிஸ்க் முழுக்கத் திட்டுத் திட்டாகக் கறுப்பு, நடுவில் பேட் அச்சு அப்படியே ஒட்டிய தடம், மற்ற இடத்தில் புதிதாக வந்தபோது இருந்த கடைசல் கோடுகூட அழியவில்லை. படித்தவன் படிக்காதவன் எவன் பார்த்தாலும் தெரிந்துவிடும். எமெரி பேப்பரை எடுத்து இரண்டையும் பளபளவென்று தேய்த்து வைத்தேன். என் வேலையில் அதைவிடச் சுத்தமாக நான் எதையும் செய்ததில்லை. இதை எழுதும்போதுகூட முகம் கூசுகிறது.

சீட் அந்தப் பையனுக்குப் போனது. அவள் அதற்குப் பிறகு எங்கேயும் ஓட்டவில்லை. டயர்ச் சுவருக்குப் பயந்து அவள் விட்டுவிடவில்லை. அடுத்த வாரம் ஒரு மத்தியானம் பட்டறைக்கு வந்து, முதலாளி இல்லாத நேரமாகப் பார்த்து, என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, இவங்க சொல்லுததெல்லாம் விடுங்க. பிரேக்க பத்தி ஒங்களுக்குத்தான் தெரியும். நான் சரியான எடத்துலதான் மிதிச்சேம்னு எனக்கு மனசுல படுது. அது நெசம்னா வேற டீம்ல போய்க் கேப்பேன். இல்லன்னா விட்டுருவேன். நான் லேட்டா மிதிச்சேனா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். பக்கத்து வண்டிக்கு அடியில் படுத்திருந்த இரண்டு பேர் தட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் லேட்டுதாம்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"நீங்களாவது உள்ளதச் சொன்னியளே. நீங்க பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டி. நான்தான் பாழாக்கிட்டேன். மன்னிச்சிருங்கண்ணே."

நான், "பரவால்ல வுடும்மா" என்றேன்.