பன்னிரண்டு ஸ்வெட்டரும் ஒரு கடிதமும்

அச்சகத்தில் அவருக்குப் பெயர் திருத்தம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. அதை வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் யாரும் பார்த்ததில்லை. முப்பது வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறவர். பாடப் புத்தகம், ரயில் கால அட்டவணை, மருந்துப் பெட்டிக்குள் எட்டாக மடித்து வைக்கும் பொடி எழுத்துத் தாள் என்று அங்கே எது அச்சானாலும், முதலில் அவர் மேசைக்கு வந்து சிவப்பு மையில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டுத்தான் போகும்.

வேலை நேரத்தில் திருத்துவதற்குத்தான் சம்பளம். மிச்ச நேரத்தில் அவர் தர்மத்துக்குத் திருத்தினார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர்கள் கையிலேயே அழைப்பிதழைத் திருத்தித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். பல் மருத்துவர் ஒருவர் பலகையில் ‘வழி இல்லாமல் பல் பிடுங்கப்படும்’ என்று எழுதியிருந்ததை ‘வலி’ ஆக்கிய பெருமையும் அவருக்கு உண்டு. பிறகு தன் கடைவாய்ப் பல்லோடு அதே மருத்துவரிடம் போய் உட்கார்ந்தார். “உங்களுக்கு மட்டும் பழைய போர்டுப்படிதான் பிடுங்கினாரு,” என்று அவர் மனைவி இன்றைக்கும் சொல்வாள். மனைவி ஒரு கிளினிக்கில் நர்ஸ். ஊசி போடுகிற கை என்பதால் பேச்சிலும் கொஞ்சம் குத்து இருக்கும்.

திருத்தத்துக்கு ஒரே அக்கா, ஏழு வயது மூத்தவள். அப்பா போன வருஷம், எட்டாம் வகுப்போடு புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கம்பளி மில்லில் சேர்ந்தாள். சாயங்காலம் அவள் வீட்டுக்குள் நுழையும்போது அவளுக்கு முன்னால் வாசனை நுழையும். எண்ணெயும் ஈர ஆட்டு ரோமமும் கலந்த வாசனை. புருவத்திலும் காது மடலிலும் வெள்ளைத் துகள் ஒட்டியிருக்கும். பதினாலு வயதுப் பெண், தூரத்திலிருந்து பார்த்தால் கிழவி மாதிரி தெரிவாள். தம்பி வாசலில் நின்று பார்த்துவிட்டு, கூட விளையாடுகிற பையன்கள் பார்ப்பதற்குள் உள்ளே ஓடிவிடுவான். அவ்வளவு பாசம்.

மில்லில் கழிவாகப் போகும் துண்டு நூலையெல்லாம் முடிச்சுப் போட்டுச் சேர்த்து அவனுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னினாள். ஏழு நிறம். கணக்கு வாத்தியார் அதைப் பார்த்த உடனே ‘பஞ்சவர்ணக்கிளி’ என்று பெயர் வைத்தார். ஏழு நிறத்தை ஐந்தாக எண்ணியவர் கணக்கு வாத்தியார் என்பது அப்போதே அவனுக்கு உறுத்தியது. அன்றிலிருந்து தினமும் காலையில் பள்ளிக்கூடத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஸ்வெட்டரைக் கழற்றி ஒளித்துவிட்டு, கௌரவமாக நடுங்கிக்கொண்டே வகுப்பில் உட்கார்ந்தான். சளி பிடித்தது. இருமல் வந்தது. அக்கா யோசித்துப் பார்த்து, ஒரு ஸ்வெட்டர் போதவில்லை என்று முடிவு செய்து, இன்னொன்று பின்னினாள்.

அவள் கல்யாணமாகி நாலு மணி நேர ரயில் தூரத்தில் இருந்த ஊருக்குப் போன பிறகும் ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும் ஒரு பார்சல் வரும். உள்ளே ஒரு ஸ்வெட்டர், கூடவே மூன்று பக்கக் கடிதம். கடிதத்தில் ஒற்று இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, கூடாத இடத்தில் தாராளமாக இருக்கும். திருத்தம் பல்லைக் கடித்துக்கொண்டு படிப்பார். அவரைப் பொறுத்தவரை அதுதான் பொறுமையின் சிகரம்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அத்தான் திடீரென்று போய்ச் சேர்ந்தார். அப்போது அச்சகத்தில் தேர்வு வினாத்தாள் ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேலைக்கு உள்ளே போனவர்கள், முடிகிற வரைக்கும் வெளியே வர முடியாது. படுக்கையும் உள்ளே, சாப்பாடும் உள்ளே, வாசலில் காவல். பதினைந்து நாள் கழித்து அவர் வெளியே வந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. மேசை மேல் அக்காவின் கடிதம் காத்திருந்தது.

‘அவர் இரந்துவிட்டார்’ என்று தொடங்கியிருந்தாள்.

திருத்தத்தின் கையில் சிவப்புப் பேனா இருந்தது. பதினைந்து நாள் தூக்கமில்லாத கை. அது பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. ‘ர’வை அடித்து ‘ற’ போட்டது. அதோடு விட்டிருக்கலாம். ஓரத்தில், ‘இரத்தல்: பிச்சை எடுத்தல். இறத்தல்: உயிர் நீத்தல்’ என்று விளக்கமும் எழுதியது. மூன்று பக்கத்தில் மொத்தம் பதினேழு பிழை. எண்ணி, கடைசியில் வட்டம் போட்டார். பிறகு தனித் தாளில், ஒரு புள்ளி பிசகாமல், நாலு வரியில் இரங்கல் எழுதினார். இரண்டையும் ஒரே உறையில் போட்டு அனுப்பினார், இனி எழுதும்போது அவளுக்கு உபயோகப்படுமே என்று.

விஷயம் மனைவிக்கு அடுத்த வாரம்தான் தெரிந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அதுவே அந்த வீட்டில் ஒரு சம்பவம்.

“அவங்க எட்டாவதோட நின்னதாலதானே நீங்க எழுத்துப் பிழையே கத்துக்கிட்டீங்க?” என்றாள்.

“எழுத்துப் பிழையை இல்லை. பிழை திருத்தத்தை,” என்றார் திருத்தம்.

அன்றைக்கு ராத்திரி அவர் தானே சமைத்துச் சாப்பிட்டார்.

அக்காவின் கடிதம் அதோடு நின்றது. ஸ்வெட்டர் மட்டும் நிற்கவில்லை. அந்தக் குளிர்காலத்திலும் பார்சல் வந்தது. பிரித்து, உதறி, கையை உள்ளே விட்டுத் துழாவிப் பார்த்தார். ஒரு துண்டுக் காகிதம் இல்லை. மேலே முகவரி கூட வேறு யாரோ எழுதியது, ஒரு பிழை கிடையாது. கம்பளியில் அவரால் என்ன திருத்த முடியும்? சாம்பல் நிறத்தில், ஒரு கண் தப்பாமல் பின்னியிருந்தாள்.

‘ஸ்வெட்டர் கிடைத்தது’ என்று ஒரு அஞ்சலட்டை போட்டார். வருஷத்துக்கு ஒன்றாகப் பதினொரு வருஷம் அதே வாசகம். மன்னிப்பு என்ற வார்த்தைக்கு எத்தனை சுழி ‘ன’ என்று உலகத்துக்கே சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதைத் தானே ஒரு தரம் எழுத வரவில்லை.

கடிதம் நின்ற பிறகு வந்ததில் முதல் இரண்டு ஸ்வெட்டரும் உடம்புக்குப் பொருந்தின. ரோஷத்தில் போடவில்லை. மூன்றாவதிலிருந்து ரோஷம் போய்விட்டது, ஆனால் தொப்பை வந்துவிட்டது. நாற்பது வயது வரைக்கும் துடைப்பக் குச்சி மாதிரி இருந்தவர், உட்கார்ந்த இடத்திலேயே உலகத்தைத் திருத்தியதில் தலையணை மாதிரி ஆகிவிட்டார். அக்காவோ, கடைசியாகப் பார்த்த அந்தக் குச்சிக்கே வருஷா வருஷம் அளவு தப்பாமல் பின்னி அனுப்பிக்கொண்டிருந்தாள். திருத்தம் அவற்றை அந்துருண்டை போட்டு டிரங்குப் பெட்டியில் அடுக்கினார். சில ஞாயிற்றுக்கிழமைகளில், மனைவி கடைக்குப் போன நேரமாகப் பார்த்துப் பெட்டியைத் திறப்பார். ஒன்றைத் தலை வழியே மாட்டுவார். அது மார்போடு நின்றுவிடும். கண்ணும் மூக்கும் கம்பளிக்குள் சிக்கி, கை இரண்டும் மேலே தூக்கியபடி, இருட்டில் அந்த வாசனையோடு நிற்பார். அந்துருண்டை நெடிக்கு அடியில், எண்ணெயும் ஈர ரோமமும். ஒரு தரம் மனைவி சீக்கிரம் திரும்பி வந்துவிட்டாள்.

“யாரு சுட வர்றாங்க? கையைக் கீழ போடுங்க,” என்றாள். கழற்ற உதவியபோது அவர் கண் ஈரமாக இருந்தது. “கம்பளி ஒத்துக்கல, அலர்ஜி,” என்றார் அவர். “ஆமா, இது கிளினிக்ல நிறைய பேருக்கு இருக்கு,” என்றாள் அவள்.

பன்னிரண்டாவது பார்சல் போன குளிர்காலத்தில் வந்தது. கரும்பச்சை. வழக்கம்போலப் பெட்டிக்குப் போக வேண்டியதை மனைவி பிடுங்கி விரித்தாள். விரித்தவள் நின்றுவிட்டாள்.

“இந்தாங்க, இதைப் போடுங்க.”

“ஏறாது.”

“போடுங்கன்னா.”

ஏறியது. மார்பைத் தாண்டியது, தொப்பையைத் தாண்டியது, இடுப்பில் போய் மெத்தென்று உட்கார்ந்தது. கண்ணாடி முன்னால் போய் நின்றார். முப்பது வருஷம் மேசையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து எழுதியதில் அவருடைய இடது தோள் ஒரு விரல்கடை இறங்கியிருக்கும். கடைச் சட்டை எதைப் போட்டாலும் அந்தப் பக்கம் தொளதொளக்கும். இந்த ஸ்வெட்டரில் இடது தோள் ஒரு விரல்கடை இறக்கியே பின்னியிருந்தது.

நெகிழ்ந்தாரா? முதலில் கோபம்தான் வந்தது.

“நீ அளவு எழுதி அனுப்பினியா?”

“உங்க தோள் இறங்கியிருக்கறதே எனக்கு இப்பதான் தெரியும்,” என்றாள் மனைவி. கூடவே படுத்து எழுந்திருப்பவளுக்கே தெரியாதது, நாலு மணி நேரத் தூரத்தில் இருக்கிறவளுக்கு எப்படித் தெரிந்தது?

கேட்டு எழுத உட்கார்ந்தார். ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று எழுதி, ‘அன்புள்ள’ கொஞ்சம் அதிகப்படியோ என்று அடித்தார். அடித்தது அசிங்கமாக இருந்தது என்று வேறு தாள் எடுத்தார். மூன்று நாளில் ஒன்பது தாள் போயிற்று. ஒன்பதாவதில் ‘அக்காவுக்கு’ மட்டும் மிஞ்சியிருந்தது.

மனைவி அதைக் குப்பைத் தொட்டியில் போட்டாள். “நேர்ல போங்க. பேச்சுல ஒற்று மிகுமா மிகாதான்னு பார்க்க வேண்டாம்.”

சனிக்கிழமை ரயிலேறினார். கழுத்தெல்லாம் அரித்தது, ஆனாலும் ஸ்வெட்டரைக் கழற்றவில்லை. அக்கா இரண்டாவது மாடியில் இருந்தாள். மூச்சு வாங்க ஏறிக் கதவைத் தட்டினார். திறந்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. தோளைப் பார்த்தாள். கிட்டே வந்து இடது பக்கத் தையலை விரலால் இழுத்துவிட்டாள்.

“இன்னும் அரை விரல் இறக்கியிருக்கணும்,” என்றாள். “வா. செருப்பை அங்கேயே விடு.”

தலை முழுக்க நரைத்திருந்தது. கிழவியாகத் தெரிய இப்போது மில் துகளின் உதவி தேவைப்படவில்லை. ஒரே அறை, ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதன் கீழே கூடை நிறைய நூல் உருண்டை. தேநீர் கொடுத்தாள். இரண்டு பேரும் டம்ளரைப் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

“அளவு எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

“ரெண்டு மாசம் முன்னாடி உங்க ஊர் கண்ணாஸ்பத்திரிக்குத்தான் வந்தேன். வலது கண்ணுல புரை எடுத்தாங்க. கட்டு பிரிச்ச அன்னிக்கு உங்க அச்சாபீஸ் பக்கம் வந்தேன். நீ பழக்கடை வாசல்ல சண்டை போட்டுக்கிட்டு நின்ன.”

“சண்டை இல்ல. ‘ஆரஞ்சுப் பலம்’னு எழுதியிருந்தான்.”

“கால் மணி நேரம் சொல்லிக்கிட்டிருந்த. நான் முதுகுக்குப் பின்னாடிதான் நின்னேன். புதுக் கண்ணு, பளிச்சுனு தெரிஞ்சுது. நல்லா அளவெடுத்துக்கிட்டேன்.”

“ஏன்க்கா கூப்பிடல?”

“கூப்பிட்டிருப்பேன். அந்தப் பழக்காரன் மூஞ்சியைப் பார்த்தேன். அவனுக்கே இந்தக் கதின்னா, வேண்டாம்னு போயிட்டேன்.”

நான்கு மணி நேரம் ரயிலில் ஒத்திகை பார்த்து வந்ததைத் திருத்தம் இப்போது எடுத்தார். “அந்த லெட்டர்... நான் செஞ்சது...”

“பதினேழு தப்பு.”

“தப்பு என்னோடதுக்கா.”

“இரு. பதினேழு இல்ல, பதினெட்டு. எதிர் வீட்டு டீச்சர்கிட்ட காட்டினேன். நீ ஒண்ணை விட்டுட்ட.”

திருத்தம் டம்ளரைக் கீழே வைத்தார். பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்ததைக் கூடத் தாங்கிக்கொண்டவர், இதைத் தாங்கவில்லை. “எது?” என்றார்.

“கடைசிப் பக்கத்துல. ‘நீ வராதது மனசு தாலவில்லை’ன்னு எழுதியிருந்தேன். பெரிய ‘ள’ வரணுமாமே.”

தாளவில்லை. மூன்று பக்கத்தையும் எழுத்து எழுத்தாகப் பார்த்தவர், அந்த ஒரு வரியை மட்டும் எப்படித் தாண்டினார் என்று யோசித்தார். தாண்டித்தான் போயிருக்கிறார், சாக்கடையைத் தாண்டுகிற மாதிரி, கீழே பார்க்காமல். இப்போது பார்த்தார். ஸ்வெட்டர் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். கம்பளி உறிஞ்சவில்லை, முகமெல்லாம் ஈஷியது.

“அதுல துடைக்காதே. துவைக்கறது கஷ்டம்,” என்றாள் அக்கா. ஒரு துணியை எடுத்து அவர் மடியில் போட்டாள். “கட்டிப் பிடிச்சு அழற வேலையெல்லாம் வேண்டாம். அடுத்த வாரம் இடது கண்ணு. போன தடவை ஸ்டேஷன்லேருந்து ஆட்டோ பிடிச்சுத் தனியா போனேன். இந்தத் தடவை கூட வர்றியா?”

வந்தார். கண்ணாஸ்பத்திரியில் சம்மதப் படிவத்தைப் படித்துப் பார்த்தார். அதில் நான்கு பிழை இருந்தது. கை சட்டைப் பைக்குப் போனது. அக்கா ஒரு கண்ணால் பார்த்தாள். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்தார். அந்த நான்கும் அவர் வயிற்றில் இன்னும் இருக்கின்றன.

மூன்று வாரம் அக்கா அவர்கள் வீட்டில்தான் இருந்தாள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விடுவது தம்பியின் வேலை. முதல் நாள் பாதி மருந்து கன்னத்தில் போயிற்று. குனியக் கூடாது, பின்னக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், சும்மா இருந்த அக்கா வீட்டைச் சீர்திருத்த ஆரம்பித்தாள். உப்பு டப்பா இருந்த இடத்தில் இல்லை. பாயை வேறு திசையில் விரித்தார்கள். தன் மேசையையும் ஜன்னல் பக்கம் நகர்த்தி வைத்திருந்ததை ஒரு சாயங்காலம் திருத்தம் கண்டுபிடித்தார்.

“உங்க வீட்டுல இது ரத்தத்துலயே இருக்கு போல,” என்றாள் மனைவி. ஆனால் அவளும் அக்காவும் சேர்ந்துகொண்டார்கள். சாயங்காலம் கிளினிக் முடிந்து வந்ததும், கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சிரிப்பார்கள். எதைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்.

கிளம்புகிற நாளில் ரயிலடிக்குப் போனார்கள். இந்த வயதில் என்ன சொல்லி அனுப்புவது என்று தெரியாமல், பெட்டியை ஏற்றி, தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, சீட்டு எண்ணை மூன்று தரம் சொன்னார் திருத்தம். “சரிடா, சரிடா,” என்று ஏறினாள். ரயில் நகர்ந்தது. அவர் கையைத் தூக்கியபடி ஜன்னலோடு நடந்தார். அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய ஜன்னல் இடத்தில் யாரோ ஒரு தடித்த மனிதர் உட்கார்ந்திருந்தார். அவரிடம் சீட்டை நீட்டி, உரத்த குரலில் ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

“எழுந்திருச்சிருப்பாரா?” என்றார் திருத்தம், கடைசிப் பெட்டி போன பிறகு.

“பாவம் அந்த மனுஷன்,” என்றாள் மனைவி.