உப்புக் காற்றில் ஒரு ஸ்விட்ச்

நெட்வொர்க் வேலை பார்ப்பவனுக்குச் சாப்பாட்டு நேரம் என்று ஒன்று கிடையாது. இலையில் சோறு விழும்போதுதான் ஏதாவது ஓர் ஆபீசில் எல்லாம் நின்றுபோகும். இதே பிழைப்பில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2005-இல் மரக்காணத்து உப்பு வியாபாரி தண்டபாணியின் ஆபீஸ் என்னை அப்படித்தான் விரட்டியது.

பெருசா இருக்கணும்

அங்கே நாலே கம்ப்யூட்டர். எடைமேடையில் லாரி ஏறியதும் எடை உள்ளே வர வேண்டும். ஆபீசில் கணக்குப் பார்க்கும் மேரியக்கா பில் அடிக்க வேண்டும். நாலையும் இணைக்கும் பழைய ஹப் பாதி வேலையில் திணறிக்கொண்டிருந்தது. அதற்குப் பதிலாக, எட்டு கேபிள் சொருகும்படி ஃபேன் இல்லாத சின்ன எட்டு போர்ட் ஸ்விட்ச் போதும், இந்த ஊர்க் காற்றுக்கு அதுதான் சரி என்றேன். முதலாளி தண்டபாணி விலைப்பட்டியலைப் புரட்டி, ஃபேன் வைத்த இருபத்துநாலு போர்ட் இரும்புப் பெட்டியில் விரலை வைத்தார். தலைகீழாக நின்று பார்த்தேன், நடக்கவில்லை.

"நாலு பேரு வந்து போற இடம்பா. பார்த்தா ஒரு இது இருக்க வேணாமா?"

உள்ளே வந்த காற்று

சில மாதம்தான். கூனிமேட்டில் வேறொரு வேலையில் இருந்தேன். போன் பாக்கெட்டில் துடித்துக்கொண்டே இருந்தது; தண்டபாணி ஆபீசில் எல்லாம் நின்றுவிட்டதாம். போய்ப் பெட்டியைத் திறந்தால், ஃபேன் உப்புக் காற்றை உறிஞ்சி உறிஞ்சி, கேபிள் சொருகும் இடமெல்லாம் பச்சை பூத்திருந்தது. இந்தத் தடவை சின்ன ஸ்விட்ச்சையே மாட்டினேன். இதன்மேல் உப்புக் காற்று படக்கூடாது என்று சொல்லியும் வைத்தேன். மறுபடி நின்றால் பாண்டிச்சேரி கம்பெனிக்கு வேலையைக் கொடுத்துவிடுவேன் என்றார் முதலாளி. அந்த ஒரு ஆபீஸ் கான்ட்ராக்டில்தான் என் வீட்டு அடுப்பு எரிந்தது. பயந்துபோனேன். மேரியக்காவுக்கு அதெல்லாம் கவலை இல்லை.

"இங்க சைக்கிளே துருப்பிடிச்சி கொட்டுது. இதுக்குப் போயி ஃபேன் வெச்சி காத்து காட்டினீங்களே!"

மூடி வைத்த புண்ணியவான்

அடுத்து ஒரு மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. மழைக்கு முன் உப்பை ஏற்றிவிட வேண்டும் என்று லாரிகள் வரிசையில் ஹாரன் அடிக்கின்றன, பில் வரவில்லை. வண்டியை எப்படி ஓட்டிப்போனேன் என்று எனக்கே தெரியாது. உள்ளே ஸ்விட்ச்சைக் காணோம். அது இருந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் மூட்டை ஒன்று, சுற்றிலும் கயிறு, மேலே ஒரு கல். பிரித்தால், தொட முடியாத சூடு. யார் வேலை என்று கத்தினேன். முதலாளி நெஞ்சை நிமிர்த்தினார்.

"நான்தான்! மேகம் கட்டுனா உப்புக் குவியலையே மூடுறோம், இத்த மட்டும் வுட்டுடுவோமா?"

பச்சை விளக்கு

கையில் அகப்பட்ட அட்டையால் ஸ்விட்ச்சுக்கு விசிறினேன். வெளியே முதல் தூறல் விழுந்தது. முதலாளி போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பாண்டிச்சேரி கம்பெனியோடுதான் பேசுகிறார் என்பது காதில் விழுந்தது. என் கை நிற்கவில்லை. சூடு தணிந்ததும் மறுபடி கரண்ட் கொடுத்தேன். பச்சை விளக்கு ஒவ்வொன்றாக எரிந்தது, மேரியக்காவின் பிரிண்டர் கரகரத்தது. முதலாளி உள்ளே வந்து போனை மேஜைமேல் போட்டார்.

"அவன் நாளைக்கு வர்றேன்றான்பா. நாளைக்கு வந்து, கரைஞ்சு போன உப்புக்கா பில்லு போடுறது? நீயே பாத்துக்கோ."

அன்றிலிருந்து எந்த ஸ்விட்ச் வாங்கலாம் என்று யார் கேட்டாலும், மழை வந்தால் உங்கள் ஆபீசில் எதையெல்லாம் மூடுவீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.