சாமான்களை விட்டுவந்த மாலை

ஊசி ஒன்று, வெள்ளை நூல் ஒரு கண்டு, பொத்தான் நாலு, மெழுகுத் துணியில் சுற்றிய தீப்பெட்டி ஒன்று, உப்பு ஒரு கைப்பிடி. பள்ளிக்கூடத்துக் கரும்பலகையில் டிரில் மாஸ்டர் எழுதிப்போடும் பட்டியல் இப்படித்தான் தொடங்கும். மொத்தம் முப்பத்தோரு சாமான்கள். முகாமுக்கு முந்தைய மூன்று வாரமும், சனிக்கிழமைதோறும் பையன்கள் தங்கள் மூட்டையை மைதானத்தில் பிரித்துப் பரப்ப வேண்டும். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மூட்டையின் முன்னும் நின்று பார்த்துக்கொண்டே போவார். பொத்தான் மூன்றுதான் இருந்தால் மூட்டையைக் கட்டச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுவார். திட்ட மாட்டார். "நாலுன்னு சொன்னேம்லா" என்பார், அவ்வளவுதான். அடுத்த வாரம் அந்தப் பையன் ஆறு பொத்தானோடு வருவான். அதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். நாலு என்றால் நாலு.

முதல் ஜெர்மன் சண்டை முடிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. சாரணர் படை என்பது அப்போதுதான் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பூகோள வாத்தியாராகச் சேர்ந்து இரண்டாம் வருஷம். மேப் பார்க்கத் தெரிந்தவன் என்ற ஒரே காரணத்துக்காகத் தலைமையாசிரியர் என்னை மாஸ்டருக்குத் துணையாகப் போட்டார். மலையை நான் மேப்பில் பார்த்ததோடு சரி. மாஸ்டரோ இராஜபாளையத்துக்காரர், பருத்தித் தரகு பார்த்த முஸ்லிம் குடும்பம். பட்டாளத்தில் சேர்ந்து கப்பலேறி அரபு தேசத்துப் பஸ்ராவில் ரோடு போட்டுவிட்டு வந்தவர். முப்பத்தைந்து வயதிருக்கும். சண்டையைப் பற்றிப் பையன்கள் கேட்டால், அங்கே ஈ ரொம்ப ஜாஸ்தி என்று சொல்லி முடித்துவிடுவார்.

அந்த முகாமை ஏற்பாடு செய்ய அவர் பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். வயது வந்த பையன்களை அரைக்கால் சட்டையில் தெருவில் நடக்கவிடுவதா என்று வீடுகளில் எதிர்ப்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் போய் வாசலில் நின்று பேசினார். யார் சமைப்பது, யாரோடு யார் உட்கார்ந்து சாப்பிடுவது என்பதில் முகாமே நின்றுபோகப் பார்த்தது. மூன்று அடுப்பு போடுவதாக எல்லோரிடமும் வாக்குக் கொடுத்தார், போடவும் செய்தார். எந்த அடுப்புச் சோற்றை எந்தப் பையன் சாப்பிட்டான் என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தாலுகா ஆபீசில் நடையாய் நடந்து இரண்டு கூடாரங்களை இரவல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஜில்லா சாரண அதிகாரி முகாமுக்கே வந்து பார்ப்பதாக இருந்தது. அவருக்குத் திருப்தியானால் எங்கள் படை முறைப்படி பதிவாகும். பையன்கள் பட்டணத்துப் பேரணிக்குப் போகலாம். ரயிலில் ஒருநாளும் ஏறாத பையன்கள் பாதிப் பேர். தூக்கத்தில்கூட முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பதினாலு பையன்களும் நாங்கள் இருவரும் ஒரு மாட்டுவண்டிச் சாமானோடு கிளம்பினோம். செண்பகத்தோப்பு வரை வண்டி வந்தது. அங்கிருந்து ஓடையோரமாக ஒரு மைல் சுமந்துகொண்டு ஏறி, மாஸ்டர் முன்பே வந்து பார்த்து வைத்திருந்த மேட்டில் கூடாரம் அடித்தோம். வெள்ளம் வந்தால் தண்ணீர் எதுவரை ஏறும் என்பதைப் பாறையில் இருந்த கறையைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார். அதற்கும் மேலே பத்தடி உயரத்தில்தான் எங்கள் கூடாரங்கள் இருந்தன. அன்றும் மறுநாள் காலையும் எந்தக் குறையும் இல்லை. அவ்வளவு சந்தோஷமான ஒரு பொழுதை வேலை நாட்களில் நான் அதற்குமுன் கண்டதில்லை.

சனிக்கிழமை மாலை நாலு மணி இருக்கும். நல்ல வெயில். பையன்கள் ஓடைக்குக் குறுக்கே கயிற்றுப் பாலம் கட்டி முடித்து, ஒவ்வொருவராக அதன்மேல் போய்வந்துகொண்டிருந்தார்கள். மாஸ்டர் தண்ணீருக்குப் பக்கத்தில் இருந்த தட்டைப் பாறையில் தொழுதுவிட்டு எழுந்தார். எழுந்தவர் அங்கேயே நின்றார். தலை கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்திருந்தது. நான் அடுப்பருகே பருப்பு வெந்துவிட்டதா என்று கரண்டியில் எடுத்து நசுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோதும் அவர் அப்படியே நின்றிருந்தார். ஐந்து நிமிஷம் இருக்கலாம். பிறகு நேராக என்னிடம் வந்தார்.

"சார், பையங்களைக் கூப்பிடுங்க. கீழ போறோம்."

ஏன் என்று கேட்டேன்.

"செத்த நேரம் ஒண்ணும் கேக்காதீங்க. பொறவு சொல்லுதேன்."

அவர் முகத்தில் பயம் இல்லை. அதுதான் என்னை இன்றைக்கும் குழப்புகிறது. பயந்திருந்தால் நான் எதிர்த்திருப்பேனோ என்னவோ. விசில் ஊதிப் பையன்களை வரிசையில் நிறுத்தினார், எண்ணினார். அதற்குள் ஒருவன் மூட்டை கட்டக் கூடாரத்துக்கு ஓடினான். அவனைக் கையைப் பிடித்து இழுத்து வந்து வரிசையில் விட்டார். "கெடக்கட்டும்" என்றார். ஒரு பொத்தானுக்காகப் பையனை வீட்டுக்கு அனுப்பிய மனிதர், இரண்டு கூடாரத்தையும் மூன்று அடுப்பையும் கொதிக்கிற பருப்பையும் அப்படியே விட்டுவிட்டு நடக்கத் தொடங்கினார். அவர் முன்னால், பையன்கள் நடுவில், நான் கடைசி. முதலில் நடந்தோம். கொஞ்சம் போனதும், அவர் சொல்லாமலே, எல்லோரும் ஓடிக்கொண்டிருந்தோம். எதிலிருந்து ஓடுகிறோம் என்று எனக்குத் தெரியாது. ஓடத் தொடங்கியதும் பயம் தானாக வந்துவிட்டது. எனக்கு முன்னால் ஓடிய நூல்கடை வீட்டுப் பையன் இரண்டு பாறைகளுக்கு நடுவே கால் சிக்கி விழுந்தான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மாஸ்டர் திரும்பி வந்து அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். செண்பகத்தோப்பிலிருந்து ஊர்வரை ஐந்து மைல். பாதி வழியில் ஒரு வண்டி கிடைக்கும்வரை அவர் அவனை இறக்கவே இல்லை. வழியெல்லாம் ஒன்று முதல் பதினாலு வரை எண்ணிக்கொண்டே வந்தாராம். முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. தோளில் கிடந்த பையன் பிற்பாடு எனக்குச் சொன்னான்.

இருட்டுகிற நேரத்தில் தேரடிப் பக்கம் வந்து சேர்ந்தோம். கையில் ஒன்றும் இல்லாமல், புழுதி படிந்த முகத்தோடு, அழுதுகொண்டு வரும் பையன்களைப் பார்த்து ஜனம் கூடிவிட்டது. யானை விரட்டியதாக ஒரு பேச்சு, புலி என்று ஒரு பேச்சு. மாஸ்டர் தொழுகையில் ஜின்னைப் பார்த்துவிட்டார் என்று மறுநாளே சொல்ல ஆரம்பித்தார்கள். பையன்களின் அப்பாக்கள் கேட்டதற்கெல்லாம் மாஸ்டர் சொன்ன பதில் ஒன்றுதான்: கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று தோன்றியது, வந்துவிட்டேன்.

ஞாயிறு காலை தலைமையாசிரியரும் சாரண அதிகாரியும் நானும் ஃபாரஸ்ட் கார்டு ஒருவரைக் கூட்டிக்கொண்டு மேலே போனோம். மாஸ்டரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏறுகிற வழியெல்லாம் நான் ஒன்றுதான் வேண்டிக்கொண்டேன். ஒரு கூடாரமாவது கிழிந்து கிடக்க வேண்டும். ஒரு யானை லத்தியாவது கண்ணில் பட வேண்டும். போய்ப் பார்த்தால் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது. பருப்பு அடிப்பிடித்துக் கருகியிருந்தது. குரங்குகள் வாழைப்பழத்தைத் தின்றிருந்தன. கயிற்றுப் பாலம் விறைப்பாகக் கட்டியது கட்டியபடி நின்றது. சாரண அதிகாரி அதைக் கையால் அழுத்திப் பார்த்து, முடிச்சு நன்றாக இருக்கிறது என்றார். கார்டு அக்கம்பக்கம் நடந்து பார்த்துவிட்டு வந்து, இந்த மாசம் இந்தப் பக்கம் ஒரு மிருகமும் இறங்கவில்லை, மேலே மழையும் இல்லை என்று சொன்னார்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையில் விசாரணை. அவர் கெட்ட மனிதர் அல்ல. மாஸ்டரைக் காப்பாற்றத்தான் பார்த்தார். யானை என்று ஒரு வார்த்தை எழுதிக்கொடுங்கள், மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

"பாக்காததைப் பாத்தேன்னு எப்படி சார் எழுதுறது?" என்றார் மாஸ்டர்.

தலைமையாசிரியர் என் பக்கம் திரும்பினார். ஏதாவது ஆபத்து இருந்ததா, நீங்கள் எதையாவது பார்த்தீர்களா, கேட்டீர்களா என்றார். மாஸ்டர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இல்லை என்றேன். அது உண்மை. பருப்பைத் தவிர நான் எதையும் பார்க்கவில்லை. ஆனால் அந்த அறையை விட்டு வெளியே வந்தபோது பொய் சொல்லிவிட்டு வந்தவனைப் போலவே இருந்தது. எந்த இடத்தில் பொய் என்றுதான் தெரியவில்லை. அந்த வாரமே மாஸ்டர் வேலையை விட்டு இராஜபாளையத்துக்குப் போய்விட்டார். படை ஒரு வருஷம் கிடப்பில் கிடந்து மறுபடி தொடங்கியபோது அதற்கு நான் மாஸ்டர் ஆனேன். நூல்கடைப் பையனுக்குக் கால் கூடியது. கொஞ்சம் சாய்ந்து நடப்பான்.

சண்டையில் ஏதோ பார்த்து மூளை கலங்கியிருக்கும் என்று ஆசிரியர்கள் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அவரைப்போல நிதானமான ஆளை நான் கண்டதில்லை. ஆனாலும் நான் மறுக்கவில்லை. வருஷங்கள் போகப் போக அந்தக் கதை எங்கள் ஆசிரியர் அறையில் வேடிக்கையாகிவிட்டது. யாராவது வகுப்பைப் பாதியில் விட்டுப் போனால், 'பருப்பை அடுப்பில் விட்டுட்டுப் போறார்' என்போம். புதிதாக வந்தவர்களுக்கு அதை நடித்துக் காட்டியவனே நான்தான். தலையை இடது பக்கம் சாய்த்துக் காட்டுவேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

நான் பொறுப்பேற்ற ஒன்பதாவது வருஷ முகாம். அதே மேடு, இருபது பையன்கள். மாலை நேரம், வெளிச்சம் குறையவில்லை. ஒரு கல்லில் உட்கார்ந்து வருகைப் பதிவு எழுதிக்கொண்டிருந்தேன். பென்சில் நின்றுவிட்டது. எதுவும் கேட்கவில்லை, எதுவும் தெரியவில்லை. ஆனால் இந்த இடத்தை விட்டு இப்போதே போக வேண்டும் என்று உடம்பு முழுவதும் சொன்னது. எழுந்து நின்றேன். எனக்குத் துணையாக வந்திருந்த இளைய ஆசிரியர், என்ன சார் என்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். அந்தக் கதையை அவருக்கும் நான் நடித்துக் காட்டியிருந்தேன். ஒன்றுமில்லை என்று சொல்லி மறுபடி உட்கார்ந்தேன். பையன்கள் சமைத்தார்கள், சாப்பிட்டார்கள், பாடினார்கள். நான் விடியும்வரை அவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன். காலையில் எல்லாம் நன்றாகவே இருந்தது.

பத்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ரயிலேறி இராஜபாளையம் போனேன். விசாரித்ததில், பருத்தி அரைத்துப் பஞ்சு எடுக்கும் ஃபேக்டரி ஒன்றில் அவர் மேஸ்திரியாக இருப்பதாகச் சொன்னார்கள். தாடி வைத்திருந்தார், அதில் பஞ்சு ஒட்டியிருந்தது. என்னைக் கண்டதும் ஒரு பொதியைக் காட்டி உட்காரச் சொன்னார். டீ வாங்கிவரச் சொல்லிவிட்டு, ஊர், பள்ளிக்கூடம், தலைமையாசிரியரின் உடம்பு எல்லாவற்றையும் கேட்டார். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கடைசியில் நான் கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பாறையில் நின்றபோது என்ன கேட்டது?

"நானும் எம்புட்டோ யோசிச்சுப் பாத்துட்டேன் சார். ஒண்ணும் கேக்கலை. அந்தப் பையன் காலு ஒடிஞ்சதுதான் மிச்சம். அவன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாஞ்சு சாஞ்சு நடந்து வந்து மாலை போட்டுக்கிட்டான். பாக்க முடியலை."

அப்போதுதான் எனக்கு நடந்ததைச் சொன்னேன். கல்லில் உட்கார்ந்திருந்தது, பென்சில் நின்றது, எழுந்தது, பிறகு உட்கார்ந்தது. சொன்னால் அவருக்கு ஒரு ஆறுதலாக இருக்கும், நாங்கள் இருவரும் ஒன்று என்பதுபோல ஆகிவிடும் என்று நினைத்தேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"எத்தனை பையங்க?"

"இருபது."

"ஏன் கூட்டிட்டு வரலை?"

அந்தக் குரலை நான் அதற்குமுன் கேட்டதில்லை. பொத்தான் குறைந்த பையனிடமும் பேசாத குரல். விசாரணை அறையில்கூட வராத கோபம் அது. பக்கத்தில் பொதி கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லையே என்றேன்.

"எனக்குந்தான் ஒண்ணும் நடக்கலை" என்றார்.

 நான் செய்தது சரியா, அவர் செய்தது சரியா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. எனக்கும் எழுபது நெருங்குகிறது. இப்போது பள்ளிக்கூடங்களிலிருந்து பஸ்ஸில் போய் இறங்குகிறார்கள். கூடாரத்துக்கு ஒருவர், சாப்பாட்டுக்கு ஒருவர் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். திரும்பிப் போகலாம் என்று ஒருவர் சொன்னால் காரணம் கேட்க நாலு பேர் இருப்பார்கள். அது நல்லதா கெட்டதா என்பதும் எனக்குத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள் தலைமையாசிரியரிடம் போய்ச் சாரணர் பொறுப்பிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். காரணம் கேட்டார். விலக வேண்டும் என்று தோன்றியது என்றேன்.

அன்று இராஜபாளையத்திலிருந்து நான் கிளம்பும்போது மாஸ்டர் என்னோடு ஸ்டேஷன்வரை நடந்து வந்தார். ரயில் வரும்வரை பக்கத்திலேயே நின்றார். நான் ஏறி உட்கார்ந்த பிறகு ஜன்னலருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். கோபம் தணிந்திருந்தது.

"இருபது பேரும் நல்லா இருக்காங்கள்லா?" என்று கேட்டார்.

நன்றாக இருக்கிறார்கள் என்றேன்.

"சரி" என்றார். வண்டி நகர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கம்பியை விடாமல் கூடவே நடந்து வந்தார்.