இருவத்தேழாயிரத்து எழுநூத்தி இருவது

எங்க பங்காளி நஞ்சுண்டண்ணன் துடியலூர்ல ஒரு லேத் பட்டறையில கியர் வெட்டுறவருங்க. வட்டத்தைச் சமமாப் பிரிச்சுப் பல்லு போடறதுதான் பொழப்பே. தோசையக்கூட ஆறாப் பிரிச்சுப்போட்டுத்தான் திம்பாராமா. அவரு சம்சாரம் சுப்பாத்தாக்கா சொன்னதுங்க, நானாச் சொல்லல.

வெள்ளகோவில் பக்கம் எங்க கோயில்ல வருசா வருசம் கெடா வெட்டுவோம். ஊட்டுக்கு ஒரு கூறுன்னு கறியப் பிரிக்கறது அவருதான். ஆறு வருசத்துக்கு முந்தி ஒம்பது கூறு போட்டு அஞ்சு கிராம் மிஞ்சிப்போச்சு. அதைத் தங்கூறுல போட்டுக்கிட்டாரு. கூடப்பொறந்த தம்பி சரவணன் பார்த்துப்போட்டான். தங்கூறை அப்படியே வெச்சுப்போட்டுப் போனவன், அப்புறம் கோயிலுக்கும் வரல, அண்ணங்கிட்டப் பேசவும் இல்ல. ஊருக்குள்ள இவருக்கு 'அஞ்சு கிராம்'னு பேராகிப்போச்சு. பேரை நான் வெக்கலீங்க, பரப்புனது மட்டுந்தான்.

மனுசன் ஒடிஞ்சுபோனாரு. எத்தன ஊடு வரும்னு கடைசி வரைக்கும் தெரியாதில்லீங்க, வருசத்துக்கு ரண்டு பேரு கோவிச்சுக்குவாங்க. உக்காந்து யோசிச்சு ஒரு நம்பரைப் புடிச்சாரு: இருவத்தேழாயிரத்து எழுநூத்தி இருவது. ஒண்ணுல இருந்து பன்னண்டு வரைக்கும் எதுல வகுத்தாலும் மிச்சமே வராது. அதுக்குக் கீழ அப்படி வேற நம்பரே கெடையாதாமா. அப்பயிருந்து அத்தன கிராம் கறிய நிறுத்து வெச்சுக்கிட்டு, மீதிய முதல்லயே எல்லாத்துக்கும் கொழம்பு வெக்கற கோயில் அண்டாவுல கொட்டீருவாரு. ஏழு ஊடு வந்தாலும் பதினொண்ணு வந்தாலும் பிசகாது.

இந்த வருசம் பன்னண்டு ஊடு. கூறு போட்டு முடிச்சாச்சு. அப்பப் பார்த்து ஒரு வண்டி வந்து நிக்குது. சரவணன். சுப்பாத்தாக்கா ரகசியமாப் போன் பண்ணியிருக்குது.

"பதிமூணு ஆச்சுங்களாண்ணா?"ன்னான். ஆறு வருசத்துல மொதப் பேச்சு.

அண்ணன் மூஞ்சி வெளுத்துப்போச்சு. எல்லாத்தையும் கலைச்சுப் பதிமூணாப் போட்டாரு. கூறுக்கு ரண்டாயிரத்து நூத்தி முப்பத்திரண்டு. இலையில நாலு கிராம் உக்காந்திருக்குது.

"அண்டாவுல போட்டுரலாமுங்க"ன்னேன் நான்.

"கரண்டி யாரு கையிலீங்க?"ன்னான் சரவணன். பந்தியில கொழம்பு ஊத்தற கரண்டியும் அண்ணங் கையிலதான்.

"செரி, நீயே எடுத்துக்க கண்ணு"ன்னுது சுப்பாத்தாக்கா.

"எடுத்தா, நாளைக்கு 'நாலு கிராம்'னு எனக்குப் பேரு வெக்க ஆளு இருக்குதுங்க அண்ணி." என்னையப் பார்த்துக்கிட்டே சொல்றான். போயி வண்டியில சாவியப் போட்டுட்டான்.

அண்ணன் தராசையே பார்த்துக்கிட்டிருந்தாரு. அப்புறம், "சாவிய எடு. பதிமூணு ஆகாது. நீ எங்க ஊட்டுக் கணக்குல வந்துரு, பன்னண்டாயிரும். கூறு ரண்டாயிரத்து முன்னூத்திப் பத்து. ஒரே அடுப்புல ஆக்கிக்கலாம்"னாரு.

"அப்ப எனக்குப் பாதிதானுங்களா?"

"எனக்குந்தான்."

"பாதின்னா எவ்வளவுங்க?"

"ஆயிரத்து நூத்தி அம்பத்தஞ்சு."

"மிச்சம்?"

"இல்ல."

சரவணன் சாவிய எடுத்துச் சட்டப் பையில போட்டுக்கிட்டு, தராசுக்கு எதுத்தாப்புல வந்து உக்காந்தான். அண்ணன் எல்லாத்தையும் கலைச்சு மூணாந் தடவையாக் கூறு போட்டாரு.

நாங்க சோறு திங்கறப்ப மணி நாலுங்க.